விழுந்த விமானங்களுக்கான ஜெபம்

12 ஜனவரி 2025, ஞாயிறு. நெய்வேலி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மார்த்தாள் எழுதுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் பழக்கம்.

மஸ்கட்டிலிருந்து மகள் ஏஞ்சலின் போன் செய்தாள். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி குழந்தைக்கு ஞானஸ்நானம். தாத்தா கையில்தான் குழந்தை இருக்க வேண்டுமாம். விமானத்தில் ஏற மாட்டேன் என்றேன்.

"சரிங்க, நான் மட்டும் போறேன். நீங்க ரசத்த சுட வெச்சிக் குடிச்சிக்கினு கெடங்க," என்றாள் மார்த்தாள். அதையும் அவளே எழுதிக்கொண்டாள்.

15 ஜனவரி

கனவு. மைன்ஸில் நான் வேலை பார்த்த கன்வேயர் பெல்ட். நிலக்கரி இல்லை, நான் படுத்திருக்கிறேன். பெல்ட் மேலே மேலே போய் மேகத்துக்குள் நுழைகிறது. பயமே இல்லை. விழித்த பிறகுதான் பயம்.

19 ஜனவரி, ஞாயிறு

ஏஞ்சலின் மறுபடி போன் செய்தாள். அவளுக்கு அங்கே விமானப் பாதுகாப்பைக் கணக்குப் போடும் வேலை.

"ஒரு வருசத்த மட்டும் பாத்தா ஏமாத்திடும்பா. அஞ்சு வருசம் சேத்துப் பாப்போம். பத்து லட்சம் தடவ பறந்தா ஒண்ணு ரெண்டு விபத்து. உயிர் போறது அதுலயும் கம்மி. சக்கரம் பலமா தட்டி எறங்கினாக்கூட எழுதி வெப்போம்."

"விழுந்தவனுக்கு அந்த ஒண்ணுதானம்மா."

ரேடியோ காலத்திலிருந்து விழுந்த விமானங்களைச் சொன்னேன். ஊர், மாதம், அன்று இங்கே மழையா வெயிலா.

"எப்படிப்பா இத்தனையும்?"

விமானம் விழுந்த செய்தி வந்தால் அன்று சாயங்காலம் ஜெபமாலையில் இறந்தவர்களுக்காக ஒரு வேண்டுதல் சேர்ப்போம். அப்படியே மனதில் நின்றுவிட்டது என்றேன்.

அவள் கேட்டாள்: "பத்திரமா எறங்கினதுக்கு என்னிக்காவது ஜெபம் பண்ணீங்களாப்பா?"

20 ஜனவரி

இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

கோயிலிலிருந்து வரும்போது உச்சியில் ஒரு விமானம், வெள்ளைக் கோடு. உள்ளே எத்தனை பேர் தூங்கிக்கொண்டு போகிறார்களோ. அது நல்லபடியாக இறங்கியது என்று எந்த ரேடியோ சொல்லப் போகிறது?

"எனக்கும் டிக்கெட் போடச் சொல்லு," என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ போட்டாச்சி. நடங்க."

7 பிப்ரவரி, மஸ்கட்

கனவில் வந்த மாதிரியே விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. இறங்கும்போது சக்கரம் பலமாகத் தட்டியது. மார்த்தாள் நகம் பதிய என் கையைப் பிடித்தாள். இதை மட்டும் எழுத மறுத்தாள், பிறகு எழுதினாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜெபமாலையில் புது வேண்டுதல் சொன்னேன்: இன்று எங்கெங்கோ பத்திரமாக இறங்கியவர்களுக்காக.

"ஊரு, பேரு ஒண்ணும் தெரியலயே," என்றாள் மார்த்தாள்.

தெரியாமலே இருக்கட்டும் என்றேன்.