பச்சமுத்து அண்ணன் குரல் கேம் பெட்டியில் இருக்கிறது

என்னங்க,

“அம்மா, நெட்டு கட்டாயி பூட்டா படத்துல இருக்கறவங்க இன்னா பண்ணிக்கினு இருப்பாங்க?” என்று நம் ரீத்தா சின்ன வயதில் கேட்டபோது சிரித்தோம். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜீப் ஓட்டும் பச்சமுத்து அண்ணனுக்குத் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு இனி பேச்சே வராதாம். காலையில் அவர் மனைவி பாரதி வந்து, “அவரு பேசினது எதனா உங்க வீடியோல இருக்குதா அக்கா?” என்றாள். ரீத்தாவின் ஞானஸ்நான விருந்து வீடியோவை நெட்டில் தேடினேன். வெகுநாள் திறக்காததால் நம் கணக்கையே கம்பெனிக்காரர்கள் அழித்துவிட்டார்களாம்.

எல்லாம் நெட்டில் ஓடும்போது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியில் பழைய வீடியோக்களை எதற்கு அடைத்து வைக்கிறீர்கள் என்று நேற்று நான் சண்டை போட்டதற்கு, இன்று மதியம் வந்ததும் அழிக்கிறேன் என்றீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். “இன்னா வாத்தியாரே, பிரியாணில கறி கம்மி, எலும்பு ஜாஸ்தி” என்று அண்ணன் உங்களைக் கிண்டல் செய்கிறார். ஆண்டவரே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாமைச் சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாயங்கால பஸ்ஸில் வருவேன்.

லிடியா

பி.கு.: ரீத்தா பிறக்கும்போது கொட்டும் மழையில் என்னை ஜீப்பில் மலையிலிருந்து இறக்கிய அண்ணன், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அண்ணனும் பாரதியும் தொண்டைக் கட்டுப் பிரிக்கக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். சாவி வைக்கும் இடம் நமக்குத் தெரியும்தானே, அவர்கள் டிவியில் செருகிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் யாரும் இல்லை; நான்தான் வைத்தேன் என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.