ஏழு பேரில் ஏழாவது ஆள்

ஜூலை 6, திங்கள்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. பஸ்ஸை விட்டு இறங்கமுன் முக்காடெல்லாம் மணல்.

பத்து மணிக்கு மேனேஜர் ரஞ்சித் சேர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஏழு பேரை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம். டொக்டரைக் காட்ட வருகிறவர்களுக்கு டெலிபோனில் நம்பர் கொடுக்கும் என் வேலையை இனிக் கொழும்பிலிருந்தே செய்வார்களாம். வெள்ளிக்கிழமையோடு சரி. கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதை எப்பிடி சொல்ற எண்டு எனக்குத் தெரியாது ரிஸானா," என்றார் அவருடைய சிங்களத் தமிழில்.

பன்னிரண்டு வருடம். அழவில்லை.

இந்த மாதம் வாங்க இருந்தவை: சவர்க்காரம், மகளின் சப்பாத்து. இவரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 7, செவ்வாய்
நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன். இவர் தன் சோற்றுக் கோப்பையில் இருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அது அவருடைய துண்டு.

அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தோம். கடிதம் கிடைத்தது ஆறு பேருக்குத்தான். ஏழாவது ஆள் யார்?

ஜூலை 9, வியாழன்
கையெழுத்து வாங்கச் சேரிடம் போனேன். மேசை லாச்சி திறந்தபடி. உள்ளே அதே வெள்ளை உறை, அவர் பெயரோடு. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஓம். நானும்தான்."

"முதலே சொல்லியிருக்கலாமே சேர்."

"சொன்னா எல்லாரும் எனக்குப் பாவம் பார்ப்பீங்க. உங்களுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்தானே."

பிறகு மெதுவாக: "நீங்க வீட்டில எப்பிடிச் சொன்னீங்க? நான் என்ட நோனாவுக்கு இன்னும் சொல்ல இல்லை."

மீன் துண்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜூலை 10, வெள்ளி
கடைசி நாள். எல்லோருக்கும் வட்டிலப்பம் கொண்டு போனேன். சேர் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். மேனேஜர் என்றும் பாராமல் நன்றாக ஏசினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் ஊர் முந்தலுக்குப் பஸ் ஏறும்வரை கூடவே நின்றேன்.

ஜூலை 12, ஞாயிறு
உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். சேரின் போன்.

"சொன்னன் ரிஸானா. அவ தெரியும் எண்டு சொன்னா. திங்கக்கிழமை ராவே என்ட பேக்கில கடிதத்தைக் கண்டிருக்கா. நான் சொல்றவரைக்கும் ஒண்டும் கேக்காம, ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போற சேர்ட்டை அயன் பண்ணித் தந்திருக்கா."



"போனை நோனாட்டக் குடுங்க சேர்," என்றேன்.

நோனாவும் நானும் அரை மணித்தியாலம் கதைத்தோம், பாதி சிங்களம், பாதி தமிழ். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.