பட்டினி கிடக்க வேண்டிய மீன்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. ஒரு சாயப்பட்டறை தன் கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி வாங்கியிருக்கிறது. அதில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. ஒரு தொட்டியில் பட்டறைத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர், இரண்டிலும் குட்டி மீன்கள். சோதனை முடியும்வரை தீனி போடக் கூடாது.

பட்டறைத் தண்ணீரில் இருந்தவை மறுநாளே துவண்டு அடியில் கிடந்தன. நல்ல தண்ணீரில் இருந்தவை என்னைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தன. இங்கே என்னைப் பார்த்து ஓடி வர வேறு யார் இருக்கிறார்கள்? மனசு கேட்காமல் கொஞ்சம் தீனி போட்டுவிட்டேன். அது அழுகித் தண்ணீரைக் கெடுத்து, அவையும் செத்துப்போயின.

நானே போய் மேலதிகாரியிடம் சொன்னேன்.

"என்னம்மா, பந்தி வச்சுட்டியா?" என்று சிரித்தார். பிறகு, "நல்ல தண்ணியிலயே செத்துட்டா, பட்டறைத் தண்ணியை எப்படிம்மா குத்தம் சொல்றது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் நீலப் போர்வையை அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் அதுதான் வேண்டும். போனில் பேசினால் உடனே வைத்துவிடாதே.

புது மீன்கள் வந்து மறுபடி சோதிக்கும்வரை பட்டறையை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. பஸ் போகும் வழியில் அந்த ஆற்றில் பிள்ளைகள் குளிப்பார்கள். இந்த வாரம் நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது, அம்மா.

உன் மகள்