எருமையின் காதுத் தோல்

மந்தாரக்குப்பம்
9.3.2015

தம்பி வளவனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

காலையில் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றப் போனேன். கஸ்தூரியம்மாள் பேப்பரை நீட்டி, "இன்னா அன்புக்கரசி, உன் தம்பி உன் எருமைக்கே நகல் எடுத்துகினு இருக்காராமே?" என்று கேட்டார். படத்தில் நீ, பக்கத்தில் ஒரு கன்று. நெய்வேலிப் பக்கத்து எருமையின் காதுத் தோலிலிருந்து பிறந்ததாம்.

போன வருடம் பொங்கலுக்கு வந்து நம் எருமையின் காதில் துணுக்கு வெட்டினாயே, என்ன சொன்னாய்? "சீக்கு இருக்கான்னு பாக்கத்தான்க்கா." அதை நம்பி நான்தான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்புக்கரசி

ஆய்வுக்கூட விடுதி
21.3.2015

அன்புள்ள அக்காவுக்கு, வளவன் வணக்கத்துடன் எழுதுவது.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் எருமை எப்படிக் கறக்கும் என்று உனக்குத் தெரியும். அதன் கன்று பாதி கிடாவைக் கொண்டு பிறக்கும்; தாயைப் போலக் கறக்குமோ என்னமோ. குளோனிங்கில் அந்தச் சந்தேகம் குறைவு. காதுத் தோலின் செல்லை, உட்கரு நீக்கிய வேறொரு எருமையின் முட்டையோடு சேர்த்து, லேசாக மின்சாரம் கொடுத்தால் கரு உண்டாகும். அதை இன்னொரு எருமையின் வயிற்றில் வைத்தால் பத்து மாதத்தில் நம் எருமையின் நகல். இப்படி நூறு வந்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும்!

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு எருமைகளுக்கு வைத்ததில் மூன்றுதான் சினையாயின. இரண்டு கலைந்துவிட்டன. எல்லாம் ஒன்று போலவே இருந்தால், ஒரு நோய் வந்தாலே மொத்தமும் போய்விடலாம். பேப்பரில் பார்த்த கன்றும் பன்னிரண்டாம் நாள் மூச்சு முட்டிச் செத்துவிட்டது.

அதனால் இங்கே விசாரணை. எருமைக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்கிறார்கள். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, தேதி மட்டும் போன வருடம் ஜனவரி பதினாறு என்று எழுதி எனக்கு அனுப்பு. இல்லாவிட்டால் பர்மனென்ட் ஆவது இருக்கட்டும், இந்த கான்ட்ராக்ட் வேலையும் போய்விடும். நீதான் காப்பாற்ற வேண்டும்.

உன் தம்பி
வளவன்

மந்தாரக்குப்பம்
30.3.2015

வளவனுக்கு,

கன்று செத்ததைப் படித்து அழுதேன். நீ அதை உன் விசாரணைக்குக் காரணமாகத்தான் எழுதியிருக்கிறாய். இரண்டு கலைந்ததையும் ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டாய். கரு கலைந்த எருமை தீனியைத் தொடாமல் நிற்பதை நம் கொட்டகையில் நீயும் பார்த்தவன்தானே?

நல்ல காரியமாகவே இருக்கட்டும். கேட்டிருந்தால் பெருமையாகக் கொடுத்திருப்பேனடா.

நம் கம்மாபுரத்து நிலத்துக்கு ஒரு தரகன் அப்பாவிடம் தேதியில்லாத தாளில் கையெழுத்து வாங்கினான். அவன் சட்டையைப் பிடித்து, "படிக்காத சனம்னா இன்னா வோணா எழுதிக்குவியா?" என்று கத்தியது யார்? அன்று உனக்குப் பதினைந்து வயது. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் இவனைப் படிக்க வைத்தே தீருவது என்று பால் கேனைத் தூக்கினேன்.

உன் வேலை போக வேண்டும் என்று எனக்கு ஆசையா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு அனுப்பினால் தேதியைத் திருத்திவிடுவாய் என்று, படிவத்தில் இருந்த ஆபீஸ் முகவரிக்கே தபாலில் சேர்த்தேன். உன்னைப் பற்றி எனக்கு இப்படி ஒரு பயம் வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேதி இன்றைய தேதிதான். நீ இப்போதுதானே கேட்டாய்.

எருமைக்குச் சொந்தக்காரி
அன்புக்கரசி