குடல்வால் மட்டும் பச்சை

என் அக்கா பெற்ற மகளும், இயந்திரத்துக்கே சீனம் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் மகாராணியுமான உனக்கு, சீன மொழிபெயர்ப்புச் சக்கரவர்த்தி என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட உன் மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதைப் பற்றிய பேச்சு குறையவில்லை.

நேற்று உன் சிநேகிதி, என்னைப்போலவே நோயாளிக் குறிப்புகளில் நோய்க்கு ஒரு நிறம், உறுப்புக்கு ஒரு நிறம் என்று தீட்டுகிறாளே அந்தச் சிரிப்புக்காரி, போன் செய்தாள். டாக்டர்கள் முன்னால் உன் இயந்திரத்தை நீ இயக்கிக் காட்டிய கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். பெரிய டாக்டர் சீனத்தில் ‘கடுமையான குடல்வால் அழற்சி’ என்று தட்டினாராம். உன் இயந்திரம் குடல்வாலை மட்டும் பச்சையாக்கி, ‘உடலுறுப்பு’ என்றதாம். நோய் என்ற கட்டம் காலி. “ஆக, நோயாளிக்குக் குடல்வால் இருக்கு. ரொம்ப சந்தோஷம்!” என்று அவர் சொல்ல, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பாம். நீ எழுந்து, “சரிபார்த்த பக்கங்கள் என் பொறுப்பு. தப்பு என்னோடதுதான்” என்றாயாம்.

யாருடைய தப்பு என்று உனக்கா தெரியாது?

சீனத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நோயின் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனிதன் பார்த்துச் சொல்லத்தான் என்னை வைத்தாய். இயந்திரம் தன் ஊகத்தை நிறமிட்டு அனுப்பும். நான் திருத்த வேண்டும். என் திருத்தத்தை வைத்து நீ அதற்கு மதிப்பெண் போடுவாய். முதல் வாரம் புலியாய்ப் பாய்ந்தேன். பிறகு, இவ்வளவு அழகாகத் தீட்டியிருக்கிறதே, இதில் நான் என்ன கிழிக்கப்போகிறேன் என்று ஒரு கையில் தேநீரோடு மறுகையால் ‘எல்லாம் சரி’ பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய வேகத்தில் விரலில் தீப்பொறி பறந்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் யாருக்குத்தான் நூற்றுக்கு நூறு வராது?

அந்த மதிப்பெண்ணைச் சொல்லித் துள்ளினாயே, “எல்லாம் உங்க கண்ணு மாமா!” என்று. “பின்னே? கழுகுக் கண்ணாச்சே!” என்றேன் நான்.

கூட்டம் முடிந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். “சாப்பிட்டீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டாக்டர்கள் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாமே. அதற்குள் அந்தப் பக்கங்களை ஒரு நிறமும் இல்லாமல் வெள்ளையாக அனுப்பு. என் திரையிலிருந்து அந்தப் பொத்தானைப் பிடுங்கிவிடு. நான் குறிப்பதைச் சிரிப்புக்காரியும் தனியாகப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத்தில், மாமா பார்க்காமலே அமுக்கிவிட்டார் என்று சொல்லிவிடு. நீ தலை நிமிர்ந்து நில், கண்ணு.

சாப்பிடத்தான் போகிறேன்.

பட்டம் எதுவும் இல்லாத,
மாமா