ரோஸ் கலர் நோட்டீஸ்

ராசிபுரம்
9.7.2025

அன்புள்ள நாஸியா,

நான் நலம். நீ, உன் வீட்டுக்காரர், மகள் ஆலியா, அத்தா எல்லோரும் சுகம்தானே? உன் தம்பி பயாஸின் கட்பீஸ் கடையில் விலாசம் வாங்கி எழுதுகிறேன். போன் நம்பரும் கொடுத்தான். எனக்குக் காகிதத்தில் எழுதினால்தான் மனசு ஆறும்.

தாலுகா ஆபீஸ் எதிரில் நான் ஜெராக்ஸ் கடை போட்டு இருபத்தொரு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் காப்பியை எடுத்துக்கொண்டு அசலை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கேட்டு வருவார்கள் என்று எடுத்து வைத்ததில் ஆரம்பித்தது. இப்போது வீட்டில் மூன்று பீரோ நிறைய காகிதம். நெய்க்கடை லேபிள், பட்டுப்புடவை அட்டைப்பெட்டி மூடி, காதுகுத்து பத்திரிகை, சேலம் பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ் என்று நம் ஊரின் அறுபது வருடம் அதில் இருக்கிறது. செப்டம்பர் 6, 7 இரண்டு நாளும் சின்னண்ணன் டெய்லர் கடை மாடி ஹாலில் எல்லாவற்றையும் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. 1995 சுதந்திர தினத்துக்கு நம் தெரு வாலிபர் மன்றம் நடத்திய பெண்கள் சைக்கிள் போட்டியின் நோட்டீஸ். ரோஸ் கலரில் இருக்கும். பத்துப் பேர் பெயரில் உன் பெயர்தான் முதலில். உங்களிடம் இருக்கிறதா?

அன்புடன்,
சௌந்தர்யா


எடப்பாடி
17.7.2025

அன்புள்ள சௌந்து,

உன் கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வரிசை விட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை பெருநாள் போயிற்று, ஒரு வாழ்த்து உண்டா உன்னிடமிருந்து? ஒரு நோட்டீஸ் வேண்டும் என்றதும் விலாசம் கிடைத்துவிட்டது. இருக்கட்டும்.

இங்கே பவர்லூம் ஓடுகிறது. அவர் தறியைப் பார்க்கிறார், டவல் மூட்டைகளை லாரி ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. அம்மா போன பிறகு அத்தா எங்களோடுதான். எண்பது வயது, கண் மட்டும் கொஞ்சம் மங்கல்.

நோட்டீஸ் இருக்கிறது. அத்தா டைரிக்குள் மடிக்காமல் வைத்திருந்தார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பத்திரம்.

அன்றைக்கு நடந்தது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து, பின்னாலேயே ஓடி ஓடி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அத்தா. நோட்டீஸில் போட்டபடி எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் போனால், ஆண்டகளூர் கேட் வரை போன பந்தயம் திரும்பியே வந்துவிட்டது. நேரத்தை மாற்றியதை எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல், மன்றத்தின் ஆண்டு மலரில் "வீட்டார் அனுமதிக்காததால் செல்வி நாஸியா கலந்துகொள்ளவில்லை" என்று அச்சடித்தார்கள். எங்கள் கடைக்குத் துணி எடுக்க வந்தவர்கள்கூட, "ஏனுங்க ஜாபர் பாய், பொண்ண ஒரு சைக்கிள் ஓட்ட உடக்கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தா துணியை அளந்து கொடுப்பதோடு சரி. யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் இன்னும் எப்போதாவது கேட்பார்.

உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பிரியமுடன்,
நாஸியா


ராசிபுரம்
25.7.2025

நாஸியா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எதையும் கிழிக்காதவள் நான்.

நான்தான் சொன்னேன்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், மன்றச் செயலாளர் மணியன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, வெயிலுக்கு முன்னால் ஆறரைக்கே ஆரம்பிக்கிறோம், நாஸியாவிடமும் சொல்லிவிடு என்றார். உங்கள் தெருமுனை வரை வந்தேன். அத்தா உன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நீ பெடலைச் சுற்றிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாய். பயிற்சியில் ஒருநாள்கூட நான் உன்னை முந்தியதில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

காலையில் மணியன் அண்ணன் உன்னைக் கேட்டார். "அவுங்க ஊட்ல உடமாட்டேனுட்டாங்கண்ணா" என்றேன். இரண்டாவது கேள்வி கேட்பார்கள், மாட்டிக்கொள்வோம் என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் ஜெயித்து வாங்கிய அந்தக் கோப்பை இன்றும் என் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது.

அந்த மலர் என் பீரோவில் இருக்கிறது. அதில் வந்த வரியை அப்படியே சுவரில் மாட்டினால் பொய்யை நானே மறுபடி அச்சேற்றியதாகும். எடுத்து ஒளித்தால் அது இன்னொரு பொய். நோட்டீசைத் திருப்பி அனுப்புகிறேன். அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சௌந்தர்யா


எடப்பாடி
12.8.2025

சௌந்தர்யாவுக்கு,

இந்தப் பதினைந்து நாளும் மூட்டைக்கு நம்பர் போடும்போதெல்லாம் தப்பாகப் போட்டேன். முப்பது வருடமாக மணியன் அண்ணனைத்தான் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. உன் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை அத்தாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் இரண்டு தடவை படித்தார். கண்காட்சி என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

நோட்டீசை மறுபடி அனுப்புகிறேன். உன் கடிதமும் இதில் இருக்கிறது. நோட்டீஸ், மலரின் பக்கம், உன் கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டு. ஜெராக்ஸ் வேண்டாம், அசலை மாட்டு. ஊர் படிக்கட்டும்.

ஆறாம் தேதி ஆலியா அத்தாவை அழைத்து வருவாள். நான் வரமாட்டேன்.

நாஸியா


ராசிபுரம்
8.9.2025

நாஸியா,

மூன்றையும் மாட்டினேன், அசலைத்தான். வாசல் ஏறியதும் கண்ணில் படுகிற சுவரில்.

முதல் நாள் காலையிலேயே கூட்டம். தங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கண்டுபிடித்துச் சிலர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் கடிதத்தின் முன்னால் வந்ததும் நின்று படிப்பார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. இருந்தாலும் மாட்டியதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை.

பதினொரு மணிக்கு அத்தா வந்தார். ஆலியா உன்னை மாதிரியே நடக்கிறாள். மணியன் அண்ணன் அதற்கு முன்பே வந்து, என் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தா மூன்றையும் நிதானமாகப் படித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் பக்கம் திரும்பி, "நீ சொன்னது ஒத்த வார்த்த, அம்மணி. சின்னப் புள்ள, பொறாமைல சொல்லிப்போட்ட. இந்த ஊருல ஒருத்தராச்சும் எங்கூட்டுக் கதவத் தட்டி, நெசமான்னு கேட்டாங்களா? அதையும் எழுதோணுமில்ல?" என்றார்.

மணியன் அண்ணன் எழுந்து வந்தார். "எம்பேரப் போட்டே எழுதும்மா" என்றார்.

ஒரு சார்ட் தாளில், எல்லோரும் பார்க்க, ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: "ஜாபர் பாய் வீட்டில் அனுமதிக்கவில்லை என்று சௌந்தர்யா சொன்னது பொய். மணியனும் மன்றத்தாரும் ஊராரும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அதை நம்பினோம்." மணியன் அண்ணன் கீழே கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு கையெழுத்து சேர்ந்துவிட்டது. பலர் அந்த வருடம் பிறக்கவே இல்லை. அவர்களும் போட்டார்கள்.

நோட்டீசை அத்தாவிடம் நீட்டினேன். இங்கேயே இருக்கட்டும் என்றார். உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, நாஸியா. நீ எழுதினால் எழுது.

சௌந்தர்யா


எடப்பாடி
21.9.2025

அன்புள்ள சௌந்து,

அத்தா வந்ததிலிருந்து தெருவில் எல்லோரிடமும் ராசிபுரம் கதைதான். ஆலியா செல்போனில் எடுத்த படத்தைக் காட்டி, இன்னார் மகன், இன்னார் பேரன் என்று ஒவ்வொரு கையெழுத்தாக எனக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. மணியன் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகாததற்கு வருத்தம் சொன்னேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம், ஒரு வரிதான். ஆனால் நீ அதைப் பீரோவில் வைத்து அறுபது வருடம் காப்பாற்றுவாய். எழுதுகிற அன்றைக்கு அது உண்மையாக இருக்க வேண்டும். இன்றைக்கு அது இன்னும் உண்மையாகவில்லை.

நீ மாசம் ஒரு கடிதம் போடு. கடை, காகிதம், அம்மா பேசினார்களா, எது வேண்டுமானாலும் எழுது. பதில் போடுவேன்.

நாஸியா