மே மாதத்துக் காப்பிப் பழம்

சென்னை
4.2.2025

அன்புள்ள கீர்த்திகா,

நலமா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நீ ஃபோனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் பத்திரிகையில் என் நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாய். போகட்டும். என் வரிகளை அப்படியே எடுத்துப் போட உனக்கு யார் அனுமதி தந்தது? பதிப்பகத்தார் கொதிக்கிறார்கள். இணையத்தில் இருக்கும் கட்டுரையிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, அடுத்த இதழில் வருத்தம் தெரிவி. இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். என் தங்கச்சி என்றெல்லாம் அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

அன்புடன் அண்ணன்
ஜெயபிரகாஷ்

கொட்டச்சேடு
10.2.2025

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. உன்னைக் கேட்டபடி இருக்கிறாள்.

அனுமதி தந்தது சட்டம். ஒரு நூலை விமர்சிக்கிறவர் அதன் வரிகளை நியாயமான அளவில் எடுத்துக்காட்டலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு சொல்கிறது. ஓர் அத்தியாயத்தையே அச்சடித்து விற்றிருந்தால் கேள், கைகட்டி நிற்கிறேன். நான் எடுத்தது இவ்வளவுதான்: “மே மாத வெயிலில் அம்மா காப்பிப் பழம் பறிப்பாள். சிரித்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குக் கோபப்படத் தெரியாது.” கீழே உன் பெயரும் இருக்கிறது, புத்தகத்தின் பெயரும் இருக்கிறது.

மே மாதத்தில் எந்த எஸ்டேட்டில் பழம் இருக்கிறது? பறிப்பது மார்கழிக் குளிரில். நீ சேலத்து ஹாஸ்டலில் இருந்தாய், மே லீவுக்கு மட்டும் வந்தாய். ஒரு மார்கழியில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர், பறித்தவர்களுக்கு எடை தெரியாதபடி தராசின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்து எடை போட்டார். அம்மா பழக்கூடையை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பக்கத்து ஊரான வெள்ளக்கடை வரை ஒருத்தியும் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கா கோபப்படத் தெரியாது?

வருத்தம் தெரிவிக்க மாட்டேன். நோட்டீஸ் வரட்டும்.

உன் தங்கை
கீர்த்திகா

சென்னை
2.3.2025

கீர்த்திகா,

வக்கீலைப் பார்த்தேன். சட்டம் உன் பக்கம்தான் என்கிறார். இரண்டாம் பதிப்பில் அந்த வரிகளை நீக்கிவிட்டேன். புத்தகத்திலேயே இல்லாததை நீ மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்? நீயும் எடுத்துவிடு. எடுத்தால்தான் இந்த மே மாதம் ஊருக்கு வருவேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

ஜெ.

கொட்டச்சேடு
9.3.2025

அன்புள்ள அண்ணா,

எடுக்க மாட்டேன். நானும் அழித்துவிட்டால், நீ அம்மாவைப் பற்றி அப்படி எழுதவே இல்லை என்றாகிவிடும். எழுதினாய். எனக்கு வலித்தது.

உன் கடிதத்தையும் அந்த வரிகளையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: “அவன் லீவுக்கு ஊட்டுக்கு வந்தப்பெல்லாம் எனக்கு நொம்ப சந்தோசம் சாமி. அவன் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.”

அடுத்த இதழில் உன் வரிகளுக்குக் கீழே இதைப் போடப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவளிடம் கேட்டேன், போடச் சொன்னாள்.

மே மாதம் வராவிட்டால் பரவாயில்லை. மார்கழியில் வா. பழம் பறிக்க உனக்கும் ஒரு கூடை எடுத்துவைக்கிறேன்.

கீர்த்திகா